டிக்கெட் மூடிய பிறகு

கேள்வி:

ஏழு வருடமாக வெப் டெவலப்பராக இருக்கிறேன். இது மூன்றாவது நிறுவனம். ஆங்குலர்ஜேஎஸ்ஸில் ஆரம்பித்து ரியாக்ட், வியூ, நெக்ஸ்ட்ஜேஎஸ் என்று மாறி மாறி வேலை செய்துவிட்டேன். இப்போது இரவில் ஸ்வெல்ட் படித்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்த டிக்கெட்டை (எனக்கு ஒதுக்கிய வேலைக் குறிப்பை) ஒருநாளும் தாமதப்படுத்தியதில்லை. ஆனால் போன மாதம், என்னைவிட மூன்று வருடம் அனுபவம் குறைந்த ஒருவரை டெக் லீடாக (டீமின் தொழில்நுட்பத் தலைவராக) அறிவித்துவிட்டார்கள். மேனேஜரிடம் கேட்டேன். "உங்கள் வேலையில் குறையே இல்லை. இன்னும் கொஞ்சம் ஓனர்ஷிப் எதிர்பார்க்கிறோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை புரியவில்லை. பணம் கட்டி வாங்கிய ஆன்லைன் கோர்ஸ்கள் பதினொன்று பாதியில் நிற்கின்றன. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் இல்லை. போதாக்குறைக்கு ஏஐ வேறு. அடுத்து எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? மேனேஜ்மென்ட் பக்கம் போய்விடலாமா? இல்லை, துறையையே மாற்றிவிடலாமா? இன்னொன்று: வேறொரு நிறுவனத்தில் இருந்து ஆஃபர் வந்திருக்கிறது. சம்பளம் அதிகம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் ஐந்து ஃபிரேம்வொர்க்குகளின் (தளம் கட்ட உதவும் ஆயத்தக் கருவிகளின்) பெயர் வருகிறது. நீங்கள் கட்டிய தளங்கள் என்ன வேலை செய்தன, யார் பயன்படுத்தினார்கள், அவர்களுக்கு அது உதவியதா என்று ஒரு வரிகூட இல்லை. குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் மேனேஜர் சொன்ன அந்தப் புரியாத சொல்லின் அர்த்தம் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஓனர்ஷிப் என்பது அலுவலகங்களில் தேய்ந்துபோன சொல். சிலர் வாயில் அதற்கு 'ராத்திரியும் உட்கார்ந்து வேலை பார்' என்று பொருள். அந்த அர்த்தத்தில் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் "குறையே இல்லை" என்று சொல்லிவிட்டு ஒருவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால், அவர் மனதில் இருப்பது வேறு. உங்கள் வேலை எங்கே முடிகிறது என்று அவர் கவனித்திருக்கிறார். எழுதிய கோடை (நிரலை) டீமின் பொதுக் கோடோடு மெர்ஜ் செய்து, டிக்கெட்டை முடிந்தது என்ற கட்டத்துக்கு நகர்த்தியதும் உங்கள் கண் அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விடுகிறது. மெர்ஜ் செய்த பிறகு அந்தக் கோட் என்ன ஆனது என்று நீங்கள் கேட்டதே இல்லை என்று ஊகிக்கிறேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 'ஆர்டர் பட்டியல் திறக்க நேரமாகிறது' என்று ஒரு டிக்கெட் வருகிறது. ஒரு டெவலப்பர், பட்டியல் வரும்வரை சுற்றிக்கொண்டிருக்க அழகான ஒரு லோடர் போடுகிறார். அன்று மாலையே டிக்கெட் மூடப்படுகிறது. இன்னொருவர், பிரவுசர் அனுப்பும் கோரிக்கைகளைக் காட்டும் நெட்வொர்க் டேபைத் திறக்கிறார். ஒரே ஒரு கோரிக்கை நான்கு விநாடி எடுக்கிறது, அதில் பெரும்பகுதி சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம். பேக் எண்ட், அதாவது சர்வர் பக்கத்து வேலை, அவருடைய ஏரியா இல்லை. ஆனாலும் அந்த டீமிடம் லாக்கை (சர்வரின் நடவடிக்கைப் பதிவை) கேட்டு வாங்கிப் பார்க்கிறார். ஐம்பது ஆர்டர்களைக் காட்ட ஐம்பத்தொரு குவெரிகள் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள்) ஓடுகின்றன. பட்டியலுக்கு ஒன்று, பிறகு ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரை எடுக்க ஒவ்வொன்று. இதை, இரண்டு தகவலையும் இணைத்து எடுக்கும் ஒரே ஜாயினில் முடித்துவிடலாம் என்று பேக் எண்ட் ஆளோடு உட்கார்ந்து பேசுகிறார். சரி செய்து ஒரு வாரம் கழித்து, யாரும் கேட்காமலே, அந்தப் பக்கத்தின் வேகத்தைக் காட்டும் கிராஃபை இன்னொரு முறை பார்க்கிறார். இருவரும் டிக்கெட்டை மூடியவர்கள்தான். முதலாமவர் இரண்டாமவரைவிட வேகமாகக்கூட மூடியிருப்பார். உங்கள் புதிய டெக் லீட் இந்த இரண்டாவது ரகமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

இந்தப் பாடத்தை நான் யாரும் சொல்லிக் கற்கவில்லை. கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றேன்.

வேலைக்கு வந்து எட்டாவது வருடம். தளம் மெதுவாக இருக்கிறது, வேகப்படுத்து என்று சொன்னார்கள். படங்கள், ஸ்கிரிப்ட்கள், ஸ்டைல் ஃபைல்கள் எல்லாவற்றையும் பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும் என்று கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் (ஃபைலோடு சர்வர் அனுப்பும் குறிப்பில்) ஒரு எண்ணைப் போட்டேன். 31536000. ஒரு வருடத்தின் விநாடிகள். (ஏன் ஒரு வருடம் என்றால், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகளைச் சொல்லும், 1999-இல் வந்த எச்டிடிபி 1.1 விவரணை, காலாவதித் தேதியை ஒரு வருடத்துக்கு மேல் தள்ளாதீர்கள் என்று சொன்னது. எல்லோரும் அந்த உச்ச வரம்பையே போட்டுப் பழகிவிட்டார்கள்.) வேகம் கூடியது, எல்லோரும் பாராட்டினார்கள், டிக்கெட் மூடப்பட்டது. நான் செய்த தப்பு, அந்த ஹெடரை எல்லா ஃபைல்களுக்கும் பொதுவாகப் போட்டது. முகப்பு எச்டிஎம்எல் பக்கமும் அதில் சேர்ந்துகொண்டது.

மூன்று வாரம் கழித்துப் புதிய வெளியீடு போனது. பயனர்களில் பாதிப் பேருக்குப் பழைய தளமே தெரிந்தது. பிரவுசர் எங்கள் சர்வரிடம் வரவே இல்லை, தன்னிடம் இருக்கும் பழைய பக்கத்தையே எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. லாக்கில் தேடினோம், பிழை எதுவும் இல்லை. வராத கோரிக்கைக்கு லாக் எங்கிருந்து வரும்? அத்தனை பேருக்கும் போன் போட்டு 'பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் கேஷை அழியுங்கள்' என்று சொல்லவும் முடியாது. ஒரு வருடம் காத்திருக்கவும் முடியாது. என் முகத்தில் ஈயாடவில்லை.

எங்கள் டீமில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பழைய பக்கம் நம்மிடம் இன்னும் எதைக் கேட்கிறது?" ஏபிஐ அழைப்புகள் (பக்கத்தின் ஸ்கிரிப்ட் சர்வரிடம் தகவல் கேட்பவை) மட்டும் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு 401 ('லாகின் செய்யவில்லை') என்று பதில் கொடுத்தால் பழைய ஸ்கிரிப்ட் பயனரை லாகின் பக்கத்துக்கு அனுப்பும். லாகின் பக்கம் வேறொரு சர்வரில் இருந்தது, என் ஹெடர் அங்கே போகவில்லை. அன்றிரவு எல்லா செஷன்களையும் (பயனர்களின் லாகின் நிலைகளையும்) காலாவதியாக்கினோம். லாகின் செய்தவர்களைப் பழைய முகவரிக்குத் திருப்பாமல் ஒரு புதிய முகவரிக்கு அனுப்பினோம். இரண்டு நாளில் பெரும்பாலானவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். பழைய முகவரியை புக்மார்க் செய்து வைத்திருந்த சிலர் மட்டும் மாதக்கணக்கில் எங்கிருந்தோ முளைத்துக்கொண்டே இருந்தார்கள்.

கேஷ் பற்றி நான் கற்றது முழுக்க அந்த வாரத்தில்தான். இப்போது யாராவது ஃபைல் பெயரில் ஹேஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) சேர்த்தால், முகப்புப் பக்கத்துக்கு மட்டும் 'ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்த்துக்கொள்' என்று வைத்தால், அது ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அந்த ஹெடரைப் போட்ட இரண்டாவது வாரமே நான் வேறு நிறுவனத்துக்குத் தாவியிருந்தால், என் ரெஸ்யூமேயில் 'தளத்தின் வேகத்தை அதிகரித்தேன்' என்ற வரி இன்றுவரை பெருமையாக நின்றுகொண்டிருக்கும்.

ஏழு வருடத்தில் மூன்று நிறுவனங்கள் மாறுவது நம் துறையில் பாவம் ஒன்றும் இல்லை. பல நேரம் சம்பளம் உயர அதுதான் வழி. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. நீங்கள் எழுதிய கோட் வயதாவதை நீங்கள் பார்த்ததே இல்லை. முதல் வருடம் அழகாகத் தெரிந்த ஒரு கட்டமைப்பு, நான்காவது வருடம் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்க்க ஏழு ஃபைல்களைத் தொட வைக்கும். அந்த எரிச்சலை அனுபவிப்பது உங்களுக்குப் பின்னால் வந்தவர். எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டு 'இதை எந்த மகராசன் எழுதினான்' என்று தேடி, அங்கே தன் பெயரையே பார்த்து அசடு வழிவது ஒரு டெவலப்பரின் படிப்பில் முக்கியமான பாடம். நீங்கள் அந்த வகுப்புக்கு இரண்டு முறையும் மட்டம் போட்டிருக்கிறீர்கள்.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். அடுத்து எதைக் கற்பது? ஸ்வெல்ட்டை இப்போதைக்கு மூடி வைத்துவிடுங்கள். அது மோசமான கருவி என்பதால் இல்லை, நன்றாகவே இருக்கிறது. ஆனால் உங்களை ஐந்தாவது ஃபிரேம்வொர்க் ஒன்றும் குணப்படுத்தப் போவதில்லை.

நான் இந்த வேலையில் கற்று, கரைத்துக் குடித்து, பிறகு புதைத்தவற்றைப் பட்டியலிட்டால் ஒரு சிறிய இடுகாடே கட்டலாம். டேபிள்களை வைத்துப் பக்கத்தை வடிவமைக்கும் கலை. ஃபிளாஷ், அதை 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி கைவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒவ்வொரு ஒட்டு. அந்த பிரவுசரின் 11-ஆம் பதிப்புக்கு 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஓய்வு கொடுத்தபோது துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, என் இளமை போன இடம் அது என்று மட்டும் தோன்றியது. உங்கள் ஆங்குலர்ஜேஎஸ் 2010-இல் வந்தது, 2021 முடிவோடு ஆதரவு நின்றது.

இதற்கு நடுவே அசையாமல் நின்றவையும் இருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் வலைத்தளத்தின் நகலை இன்றைய பிரவுசரில் திறந்தால் திறக்கிறது. 'பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 அன்றைக்கும் 404 தான். பயனரை நினைவில் வைக்க பிரவுசரில் சேமிக்கும் குக்கீ 1994-இல் நெட்ஸ்கேப் பிரவுசரில் பிறந்தது, இன்றும் உங்கள் செஷன் அதன் முதுகில்தான் போகிறது. பிரெண்டன் ஐக் 1995-இல் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட்டைத் திட்டிக்கொண்டே முப்பது வருடம் ஓட்டிவிட்டோம். டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்கியூஎல் 1970களின் சரக்கு. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவதை எளிதாக்கிய ஜேக்வெரி 2006-இல் வந்தபோது அதன் கட்டளைகளை மனப்பாடம் செய்தவர்கள் ரியாக்ட் வந்ததும் தடுமாறினார்கள். ஒரு கிளிக் எப்படி உள்ளே இருக்கும் உறுப்பில் இருந்து வெளியே இருக்கும் உறுப்புக்கு ஏறிப் போகிறது என்று அதே ஜேக்வெரி வழியாகப் புரிந்துகொண்டவர்கள் ஒரு வாரத்தில் மாறிக்கொண்டார்கள். இருவருமே ஜேக்வெரி தெரியும் என்றுதான் ரெஸ்யூமேயில் எழுதியிருந்தார்கள்.

எனவே பாடத்திட்டத்தைக் கோர்ஸ் விற்பவர்களிடம் கேட்காமல், நீங்கள் தினமும் வேலை செய்யும் தளத்திடமே கேளுங்கள். அதில் 'சேமி' என்று ஒரு பட்டன் இருக்கும் அல்லவா? அதை ஒருமுறை அழுத்தி, அந்த ஒரு கிளிக்கின் பின்னாலேயே போங்கள். பிரவுசரில் எந்த ஃபங்ஷன் ஓடியது? கோரிக்கை எந்த முகவரிக்குப் போனது, அந்தப் பெயர் எப்படி ஐபி முகவரியாக மாறியது? குக்கீ தானாகவே ஒட்டிக்கொண்டு போனதே, ஏன்? வேறொரு தளத்தில் இருந்து யாராவது இதே கோரிக்கையை அனுப்பினால் அப்போதும் ஒட்டிக்கொண்டு போகுமா? நீங்கள் ஃபிரன்ட் எண்டில் (பிரவுசர் பக்கத்தில்) செய்த சரிபார்ப்பை சர்வர் தானும் ஒருமுறை செய்கிறதா, இல்லை நீங்கள் அனுப்பியதை அப்படியே நம்புகிறதா? டேட்டாபேஸில் எந்த குவெரி ஓடியது? அதற்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் (குவெரி ஓடும் வழியைக் காட்டும் கட்டளை) என்று போட்டால், இண்டெக்ஸ் (தேடுவதற்கான அட்டவணை) வழியாகப் போகிறதா, முழு டேபிளையும் மேய்கிறதா?

இத்தோடு விடாதீர்கள். கொஞ்சம் கெட்ட எண்ணத்தோடும் பாருங்கள். பட்டனை இரண்டு முறை படபடவென்று தட்டினால் இரண்டு பதிவு விழுமா? சர்வர் சேமித்துவிட்டது, ஆனால் பதில் வந்து சேருவதற்குள் நெட்வொர்க் போய்விட்டது. பயனருக்கு என்ன தெரியும்? அவர் மறுபடி அழுத்துவாரா? ஒரே பதிவை இரண்டு பேர் இரண்டு டேபில் திறந்து வைத்து மாற்றினால் யாருடையது நிற்கும்? மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கீபோர்டில் மட்டும் அந்தப் பட்டன் வரை போக முடிகிறதா? பார்வையற்றவர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் அந்தப் பட்டனை 'சேமி' என்று வாசிக்கிறதா, அல்லது வெறும் 'பட்டன்' என்கிறதா? அதோடு, அலுவலகத்து விலை உயர்ந்த லேப்டாப்பில் சோதித்துவிட்டு வேகமாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். மலிவான, மூன்று நான்கு வருடப் பழைய போனில் திறந்து பாருங்கள். அழுத்தியதில் இருந்து திரையில் மாற்றம் தெரியும் வரை 200 மில்லிவிநாடிக்குள் இருந்தால்தான் நன்று என்பது கூகுள் இப்போது வைத்திருக்கும் கோடு. உங்கள் பக்கம் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது?

இத்தனையையும் ஒரு தாளில் வரையுங்கள். அலுவலக நேரத்திலேயே செய்யலாம், இது அலுவலக வேலைதான். என் அனுபவத்தில் ஏழு வருடம் முடித்தவர்களும் இரண்டு மூன்று இடத்தில் 'இங்கே ஏதோ நடக்கிறது' என்று ஒரு மேகத்தை வரைந்து தாண்டிப் போவார்கள். நீங்கள் மேகம் வரைந்த இடங்கள்தான் நீங்கள் கற்க வேண்டியவை. ஒருவருக்கு அது டேட்டாபேஸ் இண்டெக்ஸாக இருக்கும், ஒருவருக்கு ஆதென்டிகேஷன் (பயனர் யார் என்று உறுதிசெய்வது), ஒருவருக்கு பிரவுசர் பக்கத்தை வரையும் விதம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவில்லை என்ற உங்கள் தாழ்வு மனப்பான்மைக்கும் இதுவே மருந்து. இண்டெக்ஸ் ஏன் வேகமாகத் தேடுகிறது என்று தோண்டினால், பட்டப்படிப்பில் 'பி-ட்ரீ' என்று கரும்பலகையில் வரைந்த அதே விஷயத்தில்தான் போய் முட்டுவீர்கள். அங்கே தேர்வுக்காகப் படித்தவர்கள் மறந்துவிட்டார்கள். உங்களுக்கு உங்கள் தளத்தின் மெதுவான பக்கம் ஒன்று கண்முன்னே இருக்கிறது, மறக்காது.

பாதியில் நிற்கும் பதினொரு கோர்ஸ்களைக் குற்றவுணர்வே இல்லாமல் கைவிடுங்கள். அவை எல்லாம் நுனிப்புல். ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இன்னொருவர் டைப் செய்வதைப் பார்ப்பது கற்றல் ஆகாது. தூங்குங்கள். முதுகையும் மணிக்கட்டையும் கொஞ்சம் கவனியுங்கள். இந்தத் துறையில் கடைசி வரை உடன் வர வேண்டிய கருவிகள் அவைதான், அவற்றுக்குப் புதிய வெர்ஷன் வராது.

மேனேஜரிடம் என்ன பேசுவது? 'ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள்' என்று மறுபடி கேட்காதீர்கள், அந்தக் கதவு மூடிவிட்டது. உங்கள் தளத்தில் யாரும் தொட விரும்பாத ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். பழைய ரிப்போர்ட் பக்கமோ, இறக்குமதி செய்யும் ஸ்கிரிப்டோ, எல்லோரும் பயந்து ஒதுங்கிப் போகும் ஏதோ ஒன்று. அதைக் காட்டிச் சொல்லுங்கள்: "ஆறு மாதத்துக்கு இதை முழுதாக என் பொறுப்பில் கொடுங்கள். இது உடைந்தால் முதல் தகவல் எனக்கு வரட்டும். டிப்ளாய் செய்வதும் (தளத்தில் ஏற்றுவதும்) கண்காணிப்பதும் நானே. மாதம் ஒருமுறை என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று ஒரு பக்கம் எழுதித் தருகிறேன்." இரவு அழைப்புகள் வரும் என்றால் அதற்கு முறை வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஏழு நாளும் ஒரே ஆளே எழுந்திருப்பது பொறுப்பு ஆகாது, அது நிர்வாகத்தின் கோளாறு. அந்த மாதாந்திரப் பக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்களைப் போன்றவர்கள் பலர் நல்ல வேலையைச் செய்துவிட்டு அதைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டார்கள். நான்கு வாக்கியம் தெளிவாக எழுதத் தெரிந்த டெவலப்பரைத் தேடித்தான் டெக் லீட் பதவி போகிறது. இது நியாயமா என்று கேட்டால், பாதி நியாயம்தான்.

அந்தப் புதிய லீடிடம் உங்கள் அடுத்த புல் ரிக்வெஸ்ட்டை (மெர்ஜ் செய்யக் கேட்கும் கோடை) ரிவியூவுக்குக் கொடுங்கள். முதல் இரண்டு முறை சங்கடமாகத்தான் இருக்கும். அவர் என்ன கேள்வி கேட்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். வேரியபிளின் பெயர் சரியில்லை, இடைவெளி சரியில்லை என்கிறாரா? இல்லை, 'இது தோல்வியடைந்தால் நமக்கு எப்படித் தெரியவரும்' என்கிறாரா? முதலாவது என்றால் நிறுவனம் ஆளைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாகப் பொருமலாம்.

மேனேஜ்மென்ட் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. அது கோட் எழுதுவதன் அடுத்த படி கிடையாது, வேறு ஒரு வேலை. நாள் முழுக்க மனிதர்கள், காலண்டர், சமரசம். நான் இரண்டு வருடம் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தேன். வெட்கமாக இல்லை, கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆசை இருந்தால் முதலில் புதிதாகச் சேர்ந்த ஒருவரை மூன்று மாதம் கைபிடித்து வளர்த்துப் பாருங்கள். அவர் தானாக ஒரு பக்கை (கோடில் உள்ள பிழையை) கண்டுபிடித்த அன்று, நீங்களே கண்டுபிடித்ததைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டீர்கள் என்றால் போகலாம். லீட் பதவி கிடைக்காத கோபத்தில் மட்டும் போகாதீர்கள்.

ஏஐ. இதில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கோட் எழுதித் தரும் கிட்ஹப் கோபைலட் 2021-இலும் சாட்ஜிபிடி 2022 நவம்பரிலும் வந்தன. அதற்குப் பிறகு மலிவாகிப்போனது எது என்று பாருங்கள். தெளிவாக எழுதப்பட்ட ஒரு டிக்கெட்டை, தெரிந்த ஒரு ஃபிரேம்வொர்க்கில், ஓடக்கூடிய கோடாக மாற்றும் வேலை. உங்கள் கடிதத்தின்படி ஏழு வருடமாக நீங்கள் திறமையாகச் செய்துவந்ததும் அதைத்தான். எனவே உங்கள் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் நான் மேலே சொன்ன அந்த ஆர்டர் பட்டியலை நினைத்துப் பாருங்கள். 'லோடர் போடு' என்று கேட்டால் ஏஐ பத்து விநாடியில் போட்டுத் தரும். லோடர் தேவையே இல்லை, கோளாறு குவெரியில் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு யாராவது வேறு கேள்வி கேட்டால்தான் அது அந்தப் பக்கம் திரும்பும். என் கேஷ் கூத்தையும் அது செய்திருக்கும், என்னைவிட நேர்த்தியாகச் செய்திருக்கும். மூன்று வாரம் கழித்து விழித்திருந்து பதில் சொல்ல வேண்டியவர் அப்போதும் நான்தான்.

அதனால் பயன்படுத்துங்கள், தாராளமாக. எனக்கு ஒரே ஒரு விதி உண்டு: வரிக்கு வரி விளக்க முடியாத கோடை என் பெயரில் அனுப்பமாட்டேன். புரியாத பழைய ஃபைலைக் கொடுத்து 'இது என்ன செய்கிறது' என்று கேட்பதற்கும், 'என் யோசனையில் எங்கே ஓட்டை இருக்கிறது' என்று கேட்பதற்கும்தான் நான் அதை அதிகம் பயன்படுத்துகிறேன். நீங்கள் மேகம் வரைந்த இடங்களைக் கலைக்க அது நல்ல துணை. அது சொன்னதை உடனே லாக்கிலும் நெட்வொர்க் டேபிலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நம்பிக்கையோடு பொய் சொல்வதில் அது கெட்டிக்காரன்.

துறையை மாற்றலாமா என்று கேட்டீர்கள். அந்தத் தாளை வரைந்து பாருங்கள், பிறகு பேசுவோம். ஒரு கிளிக்கின் பின்னால் ஒரு வாரம் அலைந்த பிறகும், 'அட, இப்படியா நடக்கிறது' என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்றால் மாற்றுவது பற்றித் தாராளமாக யோசிக்கலாம். பதவி கிடைக்காத மாதத்தில் எடுக்கிற முடிவு அது கிடையாது.

கடைசியாக, வெள்ளிக்கிழமை. சம்பளம் அதிகம் என்பது அற்பக் காரணம் இல்லை, அதற்காகப் போவதில் தவறும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் இன்னும் ஒரு அரை மணி நேரம் கேளுங்கள். ஹெச்ஆரோடு வேண்டாம், நீங்கள் சேரப்போகும் டீமில் வேலை செய்கிற டெவலப்பர் ஒருவரோடு. அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கோட் எழுதியவரே டிப்ளாய் செய்கிறாரா? தளம் விழுந்தால் முதலில் யாருக்குத் தெரியும், கடைசியாக விழுந்த பிறகு என்ன மாற்றினீர்கள்? உங்கள் ரெப்பாசிட்டரியில் (கோட் சேமிப்பிடத்தில்) மிகப் பழைய ஃபைலை எழுதியவர் இன்னும் அங்கே இருக்கிறாரா?

'அதற்கெல்லாம் தனி டீம் இருக்கிறது, உங்களுக்கு டிக்கெட் மட்டும்தான்' என்று பதில் வந்தால், இப்போது இருக்கும் அதே நாற்காலிக்குக் கொஞ்சம் கூடுதல் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். அப்போதும் போகலாம், ஆனால் தெரிந்தே போங்கள். கடைசியாக விழுந்த கதையை அவர் கையை ஆட்டிக்கொண்டு உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்து, அரை மணி நேரம் போதாமல் போனால், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், வியாழக்கிழமையே சரி என்று சொல்லிவிடுங்கள்.